படித்து மேலே வந்த பிறகும் ஏன்? அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார்களின் மனச்சோர்வு பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அட்லாண்டாவில் உங்களோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி, குழந்தை பிறந்து ஏழாவது வாரமே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. தேடிப் படித்தபோது, கறுப்பினப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மனச்சோர்வு அதிகம் என்று தெரிந்தது. வறுமைதான் காரணம் என்றால், முதுகலை முடித்து நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அது குறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறைகிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறைவதில்லை. ஒரு வெள்ளையினப் பெண் வறுமையிலிருந்து நடுத்தர வாழ்க்கைக்கு வந்தால் உடம்புக்கும் மனதுக்கும் கிடைக்கும் பலன், அதே தூரம் ஏறிவந்த கறுப்பினப் பெண்ணுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. சிலருக்கு ஏறிவந்த பாதையே ஒரு சுமையாகி, கர்ப்பத்தின்போது அந்தச் சுமை கனக்கத் தொடங்குகிறது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் மனநல ஆலோசகராகப் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். டெட்ராய்ட் மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர். அதனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். பிரசவம் ஆன முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது, மனம் தளர்வது எல்லாம் மிகப் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்தில் அது தானாகப் போய்விடும். போகாமல் நீடித்தால்தான் அது மனச்சோர்வு. பலருக்கு இது பிரசவத்துக்குப் பிறகு திடீரென்று வருவதும் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது, யாரும் கேட்காததால் பிறந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. 2018இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல மாநிலங்களில் எடுத்த கணக்கில், அண்மையில் குழந்தை பெற்ற பெண்களில் 13.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வெள்ளையினப் பெண்களில் இது 11.4, கறுப்பினப் பெண்களில் 18.2. இது அவர்களே வாய்விட்டுச் சொன்ன கணக்கு. சொல்லாதவர்கள் இதில் இல்லை.

சொல்லாதவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு காட்சி. (பலருடைய கதையைக் கலந்து, அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) முப்பத்து மூன்று வயது. அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். இவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி, இப்போது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். குழந்தைக்கு எட்டு வாரம். மதிய உணவு இடைவேளையில் வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு, தோளில் பால் எடுக்கும் கருவி வைத்த பை, மேசைமேல் கவிழ்த்து வைத்த போன். பிரசவகால மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தேன். 1987இலிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் தாள் அது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், மொத்தம் 30 மதிப்பெண். மதிப்பெண் கூடக் கூட மனச்சோர்வின் அறிகுறியும் அதிகம். ஒரே நிமிடத்தில் நிரப்பித் தந்துவிட்டார். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்.

அந்தத் தாளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில கேள்விகளுக்கு மேலே இருக்கும் பதில்தான் பூஜ்யம், மற்றவற்றுக்குக் கீழே இருக்கும் பதில். யோசிக்காமல் ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டே போனால் பூஜ்யம் வராது. முதல் இரண்டுக்கு மேலே, மூன்றாவதற்குக் கீழே, நான்காவதற்கு மறுபடி மேலே, மீதி எல்லாவற்றுக்கும் கீழே என்று பார்த்துப் பார்த்துக் குறித்தால்தான் வரும். எட்டு வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் ஒரு தடவைகூடப் பதறவில்லை, ஒரு தடவைகூடத் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை, தலைக்கு மேல் வேலை போவதாக ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று ஒரு பெண் சொல்கிறார். பூஜ்யம் வாங்கினார் என்பதைவிட, இவ்வளவு கவனமாக வாங்கினார் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. நன்றாகப் படித்த பெண். பரீட்சை எழுதுவது அவருக்குக் கைவந்த கலை.

தாளை ஓரமாக வைத்துவிட்டு, “கடைசியாக எப்போது சேர்ந்தாற்போல நான்கு மணி நேரம் தூங்கினீர்கள்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. “இது என் ஃபைலில் போகுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உங்கள் மூலக் கேள்வி.

மனச்சோர்வை அளக்க நாம் பெரும்பாலும் கேள்வித்தாளைத்தான் நம்பியிருக்கிறோம், அதில் மறைக்க முடியும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆனால் குழந்தையின் எடையை யாராலும் மறைக்க முடியாது. அதனால், வாழ்க்கையில் மேலே வருவது ஒரு தாயின் உடம்பில் என்ன செய்கிறது என்பதைப் பிரசவக் கணக்குகளில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1992இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பா, அம்மா இருவருமே கல்லூரிப் படிப்பை முடித்த குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையினக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 5.4 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளில் 10.2. படிப்பு ஒன்றுதான், ஆனால் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உடனே பலர் ‘பரம்பரை’ என்பார்கள். அதற்கும் பதில் உண்டு. சிகாகோவில் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை எடுத்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,089 கிராம். பரம்பரைதான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாய்மார்களின் குழந்தைகள் அல்லவா எடை குறைந்திருக்க வேண்டும்? நிலைமை நேர் எதிர். அந்த நாட்டில் கறுப்பினப் பெண்ணாகப் பிறந்து வளர்வதில்தான் ஏதோ இருக்கிறது.

இன்னொன்று உங்கள் கேள்வியை நேராகவே தொடுகிறது. சிந்தியா கோலன் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. சிறு வயதில் ஏழைகளாக இருந்த பெண்களைப் பல வருடம் தொடர்ந்து, அவர்கள் வருமானம் கூடக் கூட எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். வெள்ளையினப் பெண்களுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கறுப்பினப் பெண்களுக்கு உறுதியாகச் சொல்லும்படி ஒரு குறைவும் தெரியவில்லை. ஒரே ஏணிதான், ஆனால் ஏறிப் போனவர்களுக்கு மேலே கிடைத்தது வேறு வேறு.

ஏன் இப்படி? முதல் காரணம் பணம்தான். சம்பளம் வேறு, சொத்து வேறு என்பது நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2022 கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு நடுவாந்தர வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துடையது 44,900 டாலர். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு, வேலை போனால் அப்பா வீட்டுக் கதவு திறந்திருக்கும். இன்னொருவருக்கு, அப்பா வீடே அவர் அனுப்பும் பணத்தில்தான் ஓடும். படிப்புக் கடனும் அப்படித்தான். பட்டம் வாங்கும் நாளில் கறுப்பின மாணவர்களின் கடன் வெள்ளையின மாணவர்களைவிடச் சராசரியாக 7,400 டாலர் அதிகம். நான்கு வருடம் கழித்து அந்த இடைவெளி ஏறத்தாழ 25,000 டாலராகிவிடுகிறது. வட்டி ஏறிக்கொண்டே போவதும், மேற்படிப்புக்கு மறுபடி கடன் வாங்குவதும் காரணம்.

‘முதல் பட்டதாரி’ என்ற சொல் தமிழ்நாட்டில் அரசு விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதனால் இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. குடும்பத்தில் முதலில் படித்து வெளியே வந்த பிள்ளையிடம் எத்தனை பேர் கண் வைத்திருப்பார்கள், தம்பி ஃபீஸ், அம்மா மருந்து, அக்கா வீட்டு வாடகை என்று மாதம் பிறந்தால் எத்தனை கைகள் நீளும் என்பது நம் வீடுகளில் தெரிந்த கதை. அவர்கள் கேட்பதில் தப்பில்லை, கொடுப்பவர் அன்போடுதான் கொடுக்கிறார். ஆனால் அவருக்கே ஒரு குழந்தை பிறக்கும்போது, கொடுத்துக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றால் எத்தனை வீடு ஆடும் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓடுகிறது. என் எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கவிழ்த்து வைத்த போன் அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை அதிர்ந்தது. அம்மாவின் கார் இன்சூரன்ஸ் தவணைக்குக் கடைசி நாள் அன்றைக்கு என்று பிறகு சொன்னார்.

இரண்டாவது காரணம் இனப்பாகுபாடு. மேலே போகப் போக அது குறையும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. அதே கோலன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பொருளாதாரத்தில் மேலே ஏறிய கறுப்பினத்தவர்கள் பாகுபாட்டை அதிகமாகவே சந்திப்பதாகச் சொன்னார்கள். யோசித்தால் புரியும். கறுப்பினத்தவர்களே நிறைந்த தெருவில், கறுப்பினத்தவர்களே நிறைந்த வேலையில் இருப்பவருக்குத் தினமும் முகத்துக்கு நேரே அது வராது. முப்பது பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரே கறுப்பினப் பெண்ணாக உட்கார்ந்திருப்பவருக்கு வரும். முடியைப் பற்றி ஒரு பேச்சு, ‘இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாயே’ என்று ஒரு பாராட்டு, கோபப்பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு மின்னஞ்சலையும் மூன்று தடவை படித்து அனுப்புவது. கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் பாடம் ஒன்று உண்டு: அவர்களுக்குக் கிடைப்பதில் பாதியாவது வேண்டும் என்றால் நீ இரண்டு மடங்கு நன்றாகச் செய்ய வேண்டும். அந்த இரண்டு மடங்கை ஏழு மாத வயிற்றோடும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு மனிதரின் கதையைச் சொல்லியாக வேண்டும், எனக்கு இந்த விஷயமே அவர் வழியாகத்தான் பிடிபட்டது. ஜான் ஹென்றி மார்ட்டின் என்று பெயர். 1907இல் பிறந்த வட கரோலினா விவசாயி. இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போனதில்லை. குத்தகைக் கடனில் மூழ்கிய குடும்பத்தில் பிறந்தவர், நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். நாற்பது வருடத்தில் அடைக்கச் சொன்ன கடனை இரவு பகலாக உழைத்து ஐந்தே வருடத்தில் அடைத்தார். ஐம்பதுகளில் அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றில் புண். வயிற்றின் ஒரு பகுதியையே அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. 1978இல் அவரைச் சந்தித்த ஷெர்மன் ஜேம்ஸ் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளருக்கு, அதே பெயர்கொண்ட நாட்டுப்புறப் பாட்டு நாயகன் நினைவுக்கு வந்தான். நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சம்மட்டி அடித்து, ஜெயித்து, கையில் சம்மட்டியோடே செத்து விழுந்த கறுப்பினத் தொழிலாளி ஜான் ஹென்றி. தடைகள் எவ்வளவு வந்தாலும் உழைப்பாலேயே அடித்து நொறுக்கிவிடலாம் என்று இடைவிடாமல் போராடும் இந்தக் குணத்துக்கு ‘ஜான் ஹென்றியிசம்’ என்று ஜேம்ஸ் பெயர் வைத்தார். கையில் வசதி குறைவாக இருக்கும்போது இந்தப் போராட்டம் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது அவர் கண்டது.

பிறகு ஜார்ஜியா மாநிலக் கிராமங்களில் ஜீன் பிராடி என்பவர் கறுப்பினப் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து தொடர்ந்து பார்த்தார். ஏழை வீட்டில் பிறந்தும் நன்றாகப் படித்து, கெட்ட பழக்கம் எதுவும் இல்லாமல், மனதைக் கட்டுப்படுத்தி முன்னேறிய பிள்ளைகள். ஆசிரியர்கள் கொண்டாடும் பிள்ளைகள். பத்தொன்பது வயதில் அவர்களுடைய ரத்த அழுத்தத்தையும் மன அழுத்த ஹார்மோன்களையும் எடுத்துப் பார்த்தால், உடம்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. வெளியே தெரிந்த உறுதி தோலோடு நின்றுவிட்டது.

ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் இந்தத் தேய்மானத்தைத்தான் 1992இல் ‘வெதரிங்’ என்றார். வெயிலிலும் மழையிலும் கிடந்து மரம் வெளிறி வெடிப்பது போல. அவர் கவனித்தது, வெள்ளையினப் பெண்கள் இருபதுகளின் நடுவில் முதல் பிள்ளை பெற்றால் குழந்தைக்கு நல்லது, ஆனால் கறுப்பினப் பெண்களுக்குப் பதின்வயதின் கடைசியில் பெற்றவர்களின் குழந்தைகளே நன்றாக இருந்தார்கள். இதைச் சொன்னதற்காக அவர் நிறையத் திட்டு வாங்கினார். சின்னப் பெண்களைப் பிள்ளை பெறச் சொல்கிறாரா என்று கேட்டார்கள். அவர் சொன்னது அது இல்லை. இருபத்தைந்துக்குள்ளேயே உடம்பு தேயத் தொடங்கிவிடுகிறது என்றார். பட்டம், வேலை, பதவி உயர்வு என்று எல்லாம் முடித்து முப்பத்து மூன்றில் முதல் குழந்தை பெறும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சமூகம் சொன்ன ஒழுங்கில்தான் எல்லாவற்றையும் செய்தார். அதற்குள் உடம்பு பல வருடம் கொடுத்துத் தீர்த்திருக்கிறது.

உங்கள் ஊரான அட்லாண்டாவிலேயே நடந்தது ஷாலன் இர்விங்கின் மரணம். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஆய்வாளர், முனைவர் பட்டம் பெற்றவர், சமூக ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதே அவர் துறை. குழந்தை பிறந்த மூன்றாவது வாரம், 2017 ஜனவரியில், உயர் ரத்த அழுத்தத்தால் வந்த சிக்கலில் 36 வயதில் இறந்தார். அந்த வாரங்களில் அவர் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போயிருந்தார். அது மனச்சோர்வு இல்லைதான். ஆனால் என்னிடம் வரும் படித்த கறுப்பினப் பெண்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அவ்வளவு படித்தவருக்கே இந்தக் கதி என்றால் எனக்கு என்ன என்று கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே பயப்படுகிறார்கள். 2023இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார்கள் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையினத் தாய்மார்கள் 14.5 பேர். செத்துவிடுவோமோ என்று ஒன்பது மாதமும் உள்ளுக்குள் நடுங்குவதை வீண் பயம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

சரி, ஏற்கனவே இருந்த சுமையில் கர்ப்பம் புதிதாக என்ன சேர்க்கிறது? கீழே விழுந்துவிடும் பயம். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு என்று ஒரு சட்டம் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, ஆனால் சம்பளம் கிடையாது. அதுவும் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும், ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். உங்கள் தோழி ஏழாவது வாரமே திரும்பியது வேலை மேல் இருக்கும் ஆசையாலா, வாடகையாலா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. சேமிப்பு இல்லாதவருக்கு எட்டாவது வாரம் என்பதே ஆடம்பரம்.

விழும் பயம் வெறும் கற்பனையும் இல்லை. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் 2018இல் கோடிக்கணக்கான வரிக் கணக்குகளை வைத்துக் காட்டினார்கள். வருமானத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த வெள்ளையினப் பிள்ளை, அடித்தட்டுக்கு விழுவதைவிட மேலேயே இருந்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கறுப்பினப் பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பும் கிட்டத்தட்ட சமம். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: ஒரே வருமானமுள்ள குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண்ணும் வெள்ளையினப் பெண்ணும் தனி ஆளாகச் சம்பாதிப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய இடைவெளி ஆண்களிடம். சிறையும் வேலையில்லாமையும் கறுப்பின ஆண்களை அவ்வளவு அடித்திருக்கின்றன. அதனால் வீட்டுக்குள் வரும் மொத்த வருமானத்தைப் பார்த்தால், அந்தக் கறுப்பினப் பெண்ணின் ஒரு சம்பளம்தான் பல வீடுகளில் முழுச் சம்பளம்.

கொஞ்சமாக மேலே ஏறியவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடுதான் பணம் கட்டுகிறது. வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் அது போய்விடும். பழைய விதிப்படி பிரசவம் முடிந்து 60 நாளில் பலருக்கு அது நின்றுவிடும். மனச்சோர்வு நன்றாக வேர் பிடிக்கும் நேரம் பார்த்து மருத்துவர் இல்லாமல் போய்விடுவார். 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மிச்சிகன் உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் அதை 12 மாதமாக நீட்டியிருக்கின்றன. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

இவ்வளவும் சொன்னதால், மேலே வருவதில் பயனில்லை என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். மனச்சோர்வு மிகக் கடுமையாக இருப்பது, வறுமையில் பிறந்து வறுமையிலேயே இருக்கும் பெண்களிடமும், இருந்ததை இழந்து கீழே வந்த பெண்களிடமும்தான். என் அனுபவமும் அதுவே. நான் மேலே சொன்ன காலின்ஸும் டேவிட்டும் 2011இல் இன்னோர் ஆய்வு செய்தார்கள். ஏழைத் தெருவில் பிறந்து பிறகு வசதியான பகுதிக்கு நகர்ந்த கறுப்பினப் பெண்களுக்குக் குறைப்பிரசவம் குறைந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு: அந்தப் பெண் தானே எடை குறைந்த குழந்தையாகப் பிறந்தவராக இருந்தால், மேலே வந்ததன் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை. தன் அம்மாவின் வயிற்றிலேயே பட்டது இவர் பிரசவம் வரை தொடர்கிறது. ஆகவே இன்றைய சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. எங்கே தொடங்கினார், யாரையெல்லாம் தூக்கிக்கொண்டு ஏறினார், எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று கேட்டால்தான் புரியும். என் துறையில் இன்னும் பெரும்பாலான படிவங்களில் வருமானத்துக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

அப்புறம், ‘இது என் ஃபைலில் போகுமா?’ என்ற கேள்வி. அமெரிக்காவில் 18 வயது ஆவதற்குள் கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம் பேரின் வீட்டுக்குக் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணை ஒரு தடவையாவது வந்திருக்கும் என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 37 சதவீதம். இந்தச் சூழலில் ‘என்னை நானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியது’ என்ற பத்தாவது கேள்விக்கு ஒரு கறுப்பினத் தாய் எப்படி உண்மை எழுதுவார்? படித்தவருக்கு இந்தப் பயம் குறையும் என்று நினைக்காதீர்கள். இழக்க அவருக்கு இன்னும் அதிகம் இருக்கிறது. வேலை, பேர், சமயத்தில் தொழில் உரிமமே.

உடைந்து போகக் கூடாது என்று அவருக்கு அவரே போட்டுக்கொண்ட கட்டளையும் உண்டு. ‘வலிமையான கறுப்பினப் பெண்’ என்பது அங்கே பெருமைப் பட்டம். அடிமைக் காலத்திலிருந்து குடும்பத்தைத் தாங்கியது அந்த வலிமைதான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உதவி கேட்காதே, அழாதே, முதலில் மற்றவர்களைப் பார் என்ற மூன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே என்ற செவிலியர்-ஆய்வாளர் 2010இல் கறுப்பினப் பெண்களையே உட்கார வைத்துப் பேசி இதை அழகாகப் பதிவு செய்தார். தேவாலயத்தில் பாட்டிமார்கள் ஜெபம் பண்ணச் சொல்வார்கள். பலருக்கு அது உண்மையிலேயே தெம்பு தருகிறது. ஜெபத்தோடு மருத்துவரும் இருக்கலாம் என்று சொல்ல ஒரு போதகர் முன்வந்தால், நான் நூறு துண்டறிக்கை கொடுப்பதைவிட அது மேல்.

அறிகுறிகளும் புத்தகத்தில் இருப்பது போல வருவதில்லை. அழுகையாக வராமல் எரிச்சலாக வரும், தலைவலியாக, முதுகுவலியாக, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதியாக வரும். மருத்துவர் வலி மாத்திரை எழுதுவார், அல்லது ‘கோபக்கார அம்மா’ என்று மனதுக்குள் முத்திரை குத்துவார். நியூஜெர்சியில் மெடிக்கெய்ட் பெண்களிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு மனநலச் சிகிச்சை தொடங்கியவர்கள் வெள்ளையினப் பெண்களில் 9 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 4 சதவீதம். நோய் அதிகம், சிகிச்சை பாதி.

சிகிச்சை பலிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை நன்றாக உதவும். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு, நோய் வருவதற்கு முன்பே கர்ப்பத்தில் ஆலோசனை தொடங்கினால் பலருக்கு அது வராமலேயே தடுக்கலாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2019இல் பரிந்துரைத்தது. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பாலூட்டும்போதும் கொடுப்பது சாதாரண நடைமுறை. 2023இல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே 14 நாள் மாத்திரை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. கறுப்பின டூலாக்கள், அதாவது கர்ப்பத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் துணைப்பெண்கள், நிறையச் செய்கிறார்கள். தன்னைப் போன்ற ஒருவர் எதிரே இருந்தால் வாய் திறக்கிறது. நான் தமிழ்ப் பெண். எனக்கு அந்த வாசல் திறக்க இரண்டு மூன்று சந்திப்பு ஆகும், அதை ஒப்புக்கொண்டுதான் உட்கார்கிறேன்.

அந்தக் கோட்டுப் போட்ட பெண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. ஃபைலில் என்ன போகும், யார் யார் பார்க்க முடியும், எந்த நிலையில் நான் சட்டப்படி வெளியே சொல்லியாக வேண்டும் என்று எல்லாவற்றையும் முதல் நாளே அவர் எதிரில் எழுதிக் காட்டினேன். மூன்றாவது தடவை வந்தபோது அதே பத்துக் கேள்வித் தாளை அவரே கேட்டு வாங்கினார். மெதுவாக நிரப்பினார். 16 வந்தது. 13ஐத் தொட்டாலே நாங்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் தோழி. அவருக்கு நோய் இருக்கிறதா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் கண்டுபிடிக்க வேண்டாம். “நீ எவ்வளவு தைரியசாலி, எப்படித்தான் எல்லாவற்றையும் சமாளிக்கிறாயோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் இன்னும் ஒரு மாதம் வாய் திறக்க மாட்டார். “ஏதாவது வேண்டுமென்றால் கேள்” என்பதும் வேண்டாம், கேட்க மாட்டார். 1-833-852-6262 என்பது கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல உதவி எண். இலவசம், ரகசியம் காப்பார்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், போனில் அனுப்புவதைவிட நல்லது. உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ பேசினால், அல்லது யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றால், அதே நிமிடம் 988 என்ற தேசிய நெருக்கடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள்.

மற்றபடி, நாளைக் குறித்துச் சொல்லுங்கள். “வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறேன். பத்து மணி வரை குழந்தை என்னோடு இருக்கட்டும், நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.” முதல் வாரம் வேண்டாம் என்பார். அடுத்த வியாழக்கிழமையும் கேளுங்கள்.